கத்திரி வெயிலில் உழவர் சந்தை

கோடை வந்துவிட்டால் காய்கறி வாங்குவது நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிடுகிறது. மார்கழியில் காலையில் பறித்த கீரை மறுநாள் வரையிலும் வாடாமல் இருக்கும். சித்திரையில் அதே கீரை பத்து மணிக்குள் துவண்டுவிடும். செடியிலிருந்து பிரிந்த பிறகும் காயும் இலையும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கின்றன. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தச் சுவாசத்தின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிறது. உள்ளே சேர்த்துவைத்த இனிப்பும் அந்த அளவுக்கு விரைவாகச் செலவாகிறது, நீரும் வற்றிப்போகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரையில், ஒரு காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைவிட அது எத்தனை மணிக்குப் பறிக்கப்பட்டது என்பதே அதன் சுவையைத் தீர்மானிக்கிறது. உழவர் சந்தை ஆண்டு முழுவதும் பயன்படுகிறது என்றாலும், கோடையில்தான் அது இல்லாமல் முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பறித்தவரே கொண்டுவந்து விற்கும் இடத்தில்தான் பறித்த நேரம் என்ன என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கிறது.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. 1999 நவம்பர் 14 அன்று, அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987 முதல் நடந்துவந்த 'அப்னி மண்டி'யும், ஆந்திரத்தில் அதே 1999ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய 'ரைத்து பஜா'ரும் இதற்கு முன்மாதிரிகளாக இருந்தன. 2001இல் ஆட்சி மாறிய பிறகு பல ஊர்களில் இச்சந்தைகள் கவனிப்பாரின்றிப் போனதும், 2006க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றதும் பலருக்கும் நினைவிருக்கும். இன்று மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் அவை நடைபெறுகின்றன.

இச்சந்தையின் நடைமுறைகள் எளியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆழ்ந்த காரணம் உண்டு. நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் சரிபார்த்த பிறகே உழவருக்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. கடைக்கு வாடகை இல்லை. தராசு இலவசமாகத் தரப்படுகிறது. விளைபொருளை அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணமின்றிக் கொண்டுவரும் வசதியும் திட்டத்தோடே வந்தது. விலை நாள்தோறும் காலையில் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. மொத்தச் சந்தை விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நன்மை என்று பொதுவாக இதைச் சொல்லிவிடுகிறோம். நான் மதிக்கும் நன்மை வேறொன்று. விலை பலகையில் எழுதப்பட்டுவிட்டதால் பேரம் பேசும் வேலை இல்லை. பேரம் இல்லாத இடத்தில் பேச்சு தானாகவே காயைப் பற்றியதாக மாறிவிடுகிறது. இது நாட்டுக்காயா, கிணற்றுப் பாசனமா, குழம்புக்கு ஆகுமா, பொரியலுக்கு ஆகுமா, இன்றைக்கே சமைக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளரிப்பிஞ்சை எடுத்துக்கொள்வோம். கோடைக்கென்றே விளைவதைப் போன்ற இந்தக் காய், தண்ணீர் வற்றிய கண்மாய் ஓரங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மண்ணின் மிச்ச ஈரத்தைப் பிடித்துக்கொண்டு படரும் கொடியில் காய்க்கிறது. விடியலில் பறித்த பிஞ்சைக் கையில் எடுத்தால் அதன் மேல் மெல்லிய சுணை விரலில் உரசும். நுனியில் வாடிய பூ சில நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடை மாறிக் கூடை மாறி வரும் பிஞ்சில் இந்தச் சுணை இருக்காது. பல கைகள் பட்டுத் தேய்ந்து, தோல் வழவழப்பாகிப் போயிருக்கும். வழவழப்பான பிஞ்சைத் தேடி எடுப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் சொல்லத் தோன்றுவது இதுதான்: சுணை உள்ளதையே எடுங்கள். காம்புப் பக்கத்தை முறித்தால் 'டக்'கென்று ஓசை வர வேண்டும். அந்த ஓசை வந்தால் உள்ளே நீர் முழுதாக இருக்கிறது என்று பொருள். அண்ணா நகரில் நான் வழக்கமாகப் பிஞ்சு வாங்கும் ஓர் அம்மா, கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தியே வைத்திருப்பார். கேட்டால் மட்டும் சாக்கை விலக்கி அள்ளிப் போடுவார். "வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிருங்க தம்பி, பையிலயே வெந்துரும்" என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்லுவார். விற்ற பிறகும் காயின் மேல் அக்கறை வைக்கும் அந்தச் சொல், வேறு எந்தக் கடையிலும் நான் கேட்காதது.

அதே கொடியில் பறிக்காமல் விட்ட வெள்ளரி முற்றிப் பழுக்கும்போது வேறொரு பொருளாகவே ஆகிவிடுகிறது. வெள்ளரிப்பழம் பழுத்ததும் தோல் தானாகவே வெடித்துப் பிளக்கும். உள்ளே மாவு போன்ற வெளிர்ந்த சதை தெரியும். வெடித்த பழத்தைத் தொலைவுக்கு அனுப்ப முடியாது. அடுக்கி வைக்கவும் முடியாது. ஆகவே பெருங்கடைகள் அதைத் தொடுவதில்லை. உழவர் ஒருவர் வாழையிலையில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து சற்று நேரம் வைத்தால், சர்க்கரை தானாகவே கரைந்து பழத்தோடு கலந்துவிடும். தனக்கென்று பெரிய இனிப்பு ஏதும் இல்லாத பழம் அது. அதன் பெருமை வாசனையிலும், வாயில் வைத்ததும் கரைந்துவிடும் தன்மையிலும், வயிற்றைக் குளிரவைப்பதிலும் இருக்கிறது.

வெண்டைக்காயின் கணக்கும் நேரக் கணக்குதான். கோடையில் வெண்டை செடியிலேயே விரைவாக முற்றிவிடுவதால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது பறித்தே தீர வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் நார்தான் மிஞ்சும். நுனியை ஒடித்துப் பார்ப்பதை விற்பவர்கள் பலர் விரும்புவதில்லை, அது நியாயமும்கூட. உழவரிடம் வாங்கும்போது ஒடிக்கத் தேவையில்லை. எப்போது பறித்தது என்று கேட்டாலே போதும். பங்குனி முதல் வைகாசி வரை முருங்கைக்காய் மலிந்து கிடக்கும். விலை விழுந்து, விளைவித்தவருக்குப் பறிகூலிகூடக் கட்டுமா என்று கவலைப்பட வேண்டிய வாரங்களும் அதில் வருவதுண்டு. அந்த வாரங்களில் வீட்டில் முருங்கைக்காயைக் கூடுதலாகச் சமைப்பது நம்மால் ஆகக்கூடிய சிறு உதவி என்றே நினைக்கிறேன். மாங்காய்த் துண்டுகளோடு சேர்த்து வைக்கும் முருங்கைக்காய்ச் சாம்பாருக்கு, இரண்டும் ஒருசேர விளையும் இந்தப் பருவத்தைவிட நல்ல நேரம் கிடையாது.

சுரை, பீர்க்கு, புடல், பாகல், வெண்பூசணி என்று நீர்க்காய்கள் கோடையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்போது, தக்காளி மட்டும் சிறுத்துப்போய் விலை ஏறியிருப்பதைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். அதற்கு வியாபாரிகளின் பதுக்கல்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராமல் இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சாகாமலே உதிர்ந்துவிடுகிறது. சித்திரையில் உதிர்ந்த பூவின் விளைவு வைகாசியில் நம் பையில் தெரிகிறது. அந்த மாதங்களில் தக்காளியைத் தேடி அலையாமல் மாங்காயின் புளிப்பைக் குழம்புக்கும் பருப்புக்கும் பயன்படுத்துவதே பருவத்துக்கு இசைந்த சமையல். நம் வீடுகளில் கோடைக்கென்று இருந்த மோர்க்குழம்பு, மாங்காய்ப் பச்சடி, புளியில்லாக் கூட்டு போன்றவற்றைப் பார்த்தால், முன்னோர் இந்தக் கணக்கைச் சமையலறையிலேயே தீர்த்துவைத்திருக்கிறார்கள் என்பது புரியும். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் ஒன்றாகச் சேரும் பச்சடியும், அந்த வாரத்தில் மரத்தில் இருப்பவற்றைக் கொண்டே அமைந்தது.

சந்தைக்கு வெளியே, சாலையோரப் புளிய மரத்து நிழலில் நுங்கு வந்து இறங்கும். இதைச் சந்தையின் பகுதியாகவே நான் கருதுகிறேன். உள்ளே இடம் இல்லாவிட்டாலும் உணர்வில் அது உழவர் சந்தையைச் சேர்ந்ததே. அரிவாளால் தலையைச் சீவியதும் மூன்று கண்கள் தெரியும். ஒவ்வொரு கண்ணிலும் அமுங்கும் பதத்தில் கண்ணாடி போன்ற சதை, நடுவே ஒரு மடக்கு இனிப்பு நீர். கட்டை விரலை ஓரத்தில் விட்டு அப்படியே நெம்பி எடுத்து உறிஞ்சுவதற்கு ஈடாக எந்தக் கிண்ணமும் கரண்டியும் இல்லை. இளசாக இருக்கும்போது அந்தச் சதை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்; சில நாள் கூடுதலாக மரத்தில் இருந்துவிட்டால் கடுக்காய் ஆகி, மென்றாலும் இறங்காது. வாங்கும்போதே நன்றாக இளசாகக் கேட்டு வாங்க வேண்டும். சீவிய நுங்கை மறுநாளுக்கு என்று வைக்கக் கூடாது. மேல்தோலின் துவர்ப்பு பிடிக்காமல் பலர் அதை உரித்து எறிகிறார்கள். உரிக்காமல் சாப்பிடுவதையே நான் விரும்புகிறேன். அந்தத் துவர்ப்பு இருந்தால்தான் அடுத்து வரும் இனிப்பு முழுதாகத் தெரிகிறது.

பதநீருக்கு இதைவிடக் குறைந்த ஆயுள். பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் சொட்டும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும்; சுண்ணாம்பு இல்லையென்றால் அது கள்ளாகிவிடும். அதிகாலையில் மரமேறி இறக்கியதை வெயில் ஏறும் முன் குடித்துவிட வேண்டும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் நுங்கை நறுக்கிப் போட்டுத் தருவார்கள். பனை நம் மாநில மரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அதில் ஏறத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பட்டைப் பதநீருக்குக் கேட்ட காசை மறுபேச்சின்றிக் கொடுப்பதில் எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. அந்த உயரத்துக்கு நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் உழைப்புக்கு அது குறைந்த விலைதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் மணிக்கணக்கில் வாழ்பவை. மாம்பழத்துக்கு மட்டும் கணக்கு வேறு. அது நாள்கணக்கில் நடப்பது. உழவரிடம் நேரடியாக வாங்குவதன் முழு அருமையும் தெரிவது மாம்பழத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். மதுரைக்கு நத்தத்திலிருந்தும் அழகர்கோவில் பக்கத்துத் தோப்புகளிலிருந்தும் மாங்காய் வருகிறது. முதலில் செந்தூரம், பிறகு பங்கனப்பள்ளி, காசா லட்டு, அதன் பின் இமாம்பசந்த், மல்கோவா, கடைசியாக நீலம் என்று ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மாமரத்தில் முற்றிய காயைப் பறித்து வைத்தால் அது தானாகவே எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பழுக்கும். முற்றாத காயை எப்படி வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது. ஆகவே வாங்குபவர் அறிந்துகொள்ள வேண்டியது பழுத்ததா என்பதை அல்ல, முற்றியதா என்பதைத்தான்.

முற்றிய காயைக் கண்டறிய உழவர்கள் பார்ப்பது அதன் தோளை. காம்புக்கு இருபுறமும் சதை திரண்டு, காம்பு குழிக்குள் அமர்ந்ததைப் போல இருந்தால் காய் முற்றிவிட்டது. தோள் இறங்கிக் காம்பு துருத்திக்கொண்டு நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. ஐயம் இருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். தொரட்டியில் வலை கட்டித் தரையில் விழாமல் இறக்கிய காயா என்றும் கேட்டுக்கொள்ளலாம். அடிபட்ட இடம் பச்சையில் தெரியாது, பழுத்த பிறகுதான் கறுத்துக் காட்டும். காம்பை ஒட்ட ஒடித்தால் வழியும் பால் தோலைப் பொசுக்கிக் கருங்கோடு விழச் செய்யும் என்பதால், கைதேர்ந்தவர்கள் சிறிது காம்பு விட்டே பறிப்பார்கள். சிறு காம்போடு இருக்கும் காய்களைக் கண்டால் அந்தக் கடையில் நின்று பேசலாம்.

வெளியே குவித்து வைத்திருக்கும் பளிச்சென்ற மஞ்சள் பழங்களில் 'கல்லு வச்ச' பழங்களும் கலந்திருக்கக்கூடும். கால்சியம் கார்பைடு கல்லிலிருந்து வெளிவரும் அசிட்டிலீன் வாயு தோலின் நிறத்தை மாற்றிவிடும். சதையில் இனிப்பும் மணமும் சேர்வதற்குரிய அவகாசத்தைக் காய்க்குக் கொடுப்பதில்லை. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடுகளும் இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி அதைக் கொண்டு பழுக்கவைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு வரை, பயன்படுத்துவதற்கு அனுமதி உண்டு. இந்த அச்சத்திலிருந்து விடுபடுவதற்கு எளிய வழி, முற்றிய காயாகவே வாங்கி வீட்டில் பழுக்கவைப்பது. வைக்கோல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அரிசிப் பானை போதும், அதுவும் இல்லையென்றால் செய்தித்தாளில் சுற்றி மூடிய அட்டைப் பெட்டி. பழுக்காத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கிப் பழுக்கும் தன்மையையே அது இழந்துவிடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கதவைத் திறந்ததும் அறை முழுவதும் வாசனை நிற்கும். அப்போது எடுத்துப் பார்த்தால் பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் முழுதாக மஞ்சளாகியிருக்காது. இமாம்பசந்து பச்சைத் தோலோடேயே பழுத்திருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை அந்த ஒரு பழம் மாற்றிவிடும்.

மாங்காய் பிஞ்சாக இருக்கும் மாசி, பங்குனியிலேயே மாவடு வந்துவிடுகிறது. காம்போடு உள்ள வடுவை நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவி, உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் தானாகவே நீர் விட்டுச் சுருங்கும். பிறகு கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் சேர்த்தால் ஓராண்டு கெடாது. காய்களின் ஆயுளைக் குறைக்கும் இந்த வெயிலே ஆயுளை நீட்டித்தும் தருகிறது என்பதைக் கோடைச் சந்தைக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாது. விலை மலிந்த வாரத்தில் கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் பாகலும் வற்றலாகின்றன. நீளமான பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட தயிரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலெல்லாம் மொட்டைமாடியில் காயப்போட்டு, மாலையில் மீண்டும் அதே தயிரில் போட வேண்டும். தயிர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும் வரை இப்படியே செய்து, பிறகு சருகாகக் காயவைத்தால் மோர் மிளகாய். கத்திரி வெயில் என்று நாம் அஞ்சும் மே 4 முதல் 28 வரையிலான நாட்கள்தான் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஈரம் சிறிதும் தங்காமல் காய்வதால் பூஞ்சணம் பிடிப்பதில்லை. வற்றலுக்கென்று வாங்கும்போது உழவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், முற்றலும் பிஞ்சும் கலக்காமல் ஒரே பதத்தில் பறித்துவந்து தருவார்கள். கடையில் வாங்கும் எந்த வற்றலிலும் இந்த ஒரே பதம் இருப்பதில்லை.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். சந்தை விடியலிலேயே தொடங்கிவிடும். கோடையில் ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. துணிப்பை இரண்டாவது வேண்டும். கீரைக்கு ஈரத்துணி ஒன்று கொண்டுபோனால் வீட்டுக்கு வரும் வரை வாடாது. கேரட், பீன்ஸ் போன்ற மலைக்காய்களை விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனாலும் மதுரை மண்ணில் மதுரை வெயிலில் விளைந்தவற்றை முதலில் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் பையில் அவற்றை நிரப்புவதே என் வழக்கம். பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட, அன்று என்ன நன்றாக இருக்கிறது என்று கேட்டு, அதைக் கொண்டு சமையலைத் தீர்மானிப்பவர்களுக்கே இந்தச் சந்தை தன் சிறந்ததைத் தருகிறது.

ஆனி பிறந்ததும் நீலம் வரத் தொடங்கும். வாசனையில் இதை மிஞ்சும் பழம் நம் பக்கத்தில் அரிது, விலையும் எளியது. ஒரு குறை உண்டு: கொட்டைக்குள் வண்டு இருக்கலாம். காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு அதன் தோலில் முட்டையிட்டுவிடுகிறது. புழு சதையைக் கடந்து கொட்டைக்குள் போய்ச் சேர, அது போன வழி காய் வளரும்போது மூடிக்கொள்கிறது. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது என்பதால் விற்பவர் மீது குற்றம் சொல்ல இடமில்லை. நல்ல உழவர் "அறுத்துச் சாப்பிடுங்க" என்று தாமே சொல்லிவிடுகிறார். கொட்டையை ஒட்டியிருக்கும் சதையை மட்டும் பார்த்து ஒதுக்கினால் போதும், மீதிப் பழத்துக்கு ஒரு குறையும் இல்லை. நீலம் முடியும்போது சந்தையில் சில கடைகள் காலியாகக் கிடக்கும். விசாரித்தால், "ஆடிப்பட்டம் வருதுல்ல, விதைக்கப் போயிருக்காங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லுவார். அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு வெண்டையும் கத்தரியும் குறைவாகவே வரும். தேவைப்படுவோர் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே போய்விட வேண்டும்.